கீழத்தெருவுக்குக் கல் கேட்ட அக்கா

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு மலையேறி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், உடன்பிறந்த தம்பி எழுதுவது.

அக்கா பிறந்தது கன்னிவாடியில். பூம்பாறைக்கு அப்பால் இருக்கும் இந்த மலைக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். பெற்றோர் மறைந்தபின் நானும் அவரோடு வந்துவிட்டேன். மச்சானுக்குப் பூண்டு விவசாயம். வீடு கீழத்தெருவில். செங்குத்தான மண் தெரு. மழை பெய்தால் ஓடையாகிவிடும். ஓர் ஐப்பசி மழையில் பூண்டு மூட்டையோடு ஏறிய மச்சான் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் அக்கா நின்று உறுப்பினரானார். முதல் கூட்டத்திலேயே தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஊர் முழுக்க வீட்டு வரியை உயர்த்தி, அந்தப் பணத்தில் தாம் குடியிருக்கும் மேலத்தெருவுக்கு மட்டும் கல் பாவுவது.

“எங்க தெரு கெடக்குற கெடப்பப் பாருங்க. ஒரு உசுரே போயிருக்குங்க,” என்றார் அக்கா.

“தாலி அறுத்தவளுக்கு இங்க என்ன சோலி?” என்றார் தலைவர். தீர்மானம் நிறைவேறியது.

கீழத்தெருவில் ஒருவரும் வரி கட்டவில்லை. ஒரு நாள் விடிந்ததும் தலைவரின் ஆட்கள் ஜப்தி என்று சொல்லி வந்தார்கள். பாத்திரங்களைத் தெருவில் வீசினார்கள். கதவுகளைக் கடப்பாரையால் நெம்பிப் பெயர்த்தார்கள். எங்கள் வாசலில் அக்கா குறுக்கே நின்றார்.

“ஏலே, எம்மேல ஏறித்தான் உள்ள போகணும்!”

தலைவரின் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் கடப்பாரையை ஓங்கினார். அக்காவின் வலக்கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மண்வெட்டிக் காம்பால் அந்த ஆளை அடித்தேன். மண்டை பிளந்து ரத்தம் கொட்டியது. பிறகு தெரு முழுக்கக் கல்வீச்சு. போலீஸ் இரு தரப்பையும் அள்ளிச் சென்றது. ஸ்டேஷனில் என் முன்பற்கள் போயின. கையை முறித்தவர்மேல் அக்கா வழக்குக் கொடுத்தார்.

கலவரத்தை விசாரிக்க மாவட்ட அதிகாரி வருகிறார் என்றதும் தலைவர் ஆள் அனுப்பினார். அக்கா வழக்கை வாபஸ் வாங்கினால் கீழத்தெருவுக்கும் கல் வருமாம்.

“கேசு கைய ஒடிச்சதுக்கு. கல்லு எங்களுக்குச் சேர வேண்டியது. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க,” என்று வந்தவரை அக்கா திருப்பி அனுப்பிவிட்டார்.

வரவிருந்த கல்லைக் கெடுத்துவிட்டார் என்று எங்கள் தெருக்காரர்களே ஆத்திரப்பட்டு எங்கள் கூரை ஓடுகளைக் கல்லெறிந்து நொறுக்கினார்கள். அதில் ஒரு கல் அக்காவின் நெற்றியைக் கிழித்தது.

நெற்றிக் கட்டோடுதான் அக்கா அதிகாரி முன்னால் நடந்த பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போனார். “வரி ரெண்டு தெருவும் கட்டுவோம். வழுக்குற எடத்துல மொதக் கல்லப் போடுங்க,” என்றார். உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். கடைசியாக மேலத்தெரு உறுப்பினர் ஒருவர் எழுந்தார்.

“அடுத்தவன் வீட்டுக் கதவப் பேத்து என் தெருவுக்குக் கல்லு வேண்டாமுங்க. அந்தம்மா சொல்றதுக்கே என் கை.”

கீழத்தெருவுக்குக் கல் வந்தது. அக்காவை அடித்தவர் சிறைக்குப் போனார். அவரை அடித்ததற்கு நானும் போனேன். அக்காவின் வலக்கை அதன்பின் நிமிரவே இல்லை. இடக்கையால் பூண்டு நட்டுப் பிள்ளைகளை ஆளாக்கினார்.

சென்ற ஆண்டு அக்கா படுக்கையில் விழுந்தபோது, கடப்பாரை ஓங்கியவர் பார்க்க வந்தார். உள்ளே வரத் தயங்கி வாசலில் நின்றார்.

“உள்ள வாப்பா. கேசு போட்டதுக்கு நான் வருத்தப்படல. காப்பி ஆறுது, வெரசாக் குடி,” என்றார் அக்கா. அவர் தலை குனிந்தபடி குடித்தார்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், இரவு பகலாகத் துணையிருந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவர் கடப்பாரை ஓங்கிய அந்த மனிதர்தான். அன்று அவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.