மைதானத்துக்கு முதுகு காட்டி நின்றவன்

என் மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். ஒப்பந்தம் முடிகிறது, இனி காஞ்சிபுரம் வந்துவிடுவாள் என்று நானும் மனைவியும் நம்பியிருந்தோம். "இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கேன்பா" என்று போனில் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. எங்கள் தெருமுனையில் பட்டுக்கடை வைத்திருப்பவரிடம் வாய் தவறி இதைச் சொல்லித் தொலைத்தேன்.

"காரணம் சொல்லாம ஒரு பொண்ணு அங்கயே இருந்துக்கினு இருக்குதுன்னா, யாரோ ஒர்த்தன் இருக்கான் சாமி. போய்ப் பாத்துட்டு வந்துருங்க" என்றார். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவிக்கு முழங்கால் வலி. நான் மட்டும் விமானம் ஏறினேன்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பரீட்சை ஹாலில் நின்று நின்று பழகிய கண். எவன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பதைத்தான் முதலில் கவனிப்பேன். என்ன எழுதியிருக்கிறான் என்பதெல்லாம் பிறகுதான்.

போய் இறங்கிய வாரமே, சனிக்கிழமை, "இன்னிக்கு ஃபுல்லா என்னோட சுத்தணும்பா. மத்தியானம் ஃபுட்பால் மேட்ச், சாயங்காலம் மியூசிக்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மார்க் குறைந்த ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து வாங்குகிற அன்றுதான் இவள் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வருவாள். இவ்வளவு உபசாரம் சும்மா வராது. யாரையோ காட்டப் போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மைதான வாசலில் காவல்காரன் பையைத் திறந்து, புளியோதரை டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். நானும் அவனை அப்படியே பார்த்தேன். உள்ளே, நாற்காலியே இல்லாத பக்கத்துக்கு அழைத்துப் போனாள். எல்லோர் கழுத்திலும் சிவப்புத் துண்டு. என் கழுத்திலும் ஒன்றைச் சுற்றினாள்.

ஆட்டம் தொடங்கியதும் அவனைப் பார்த்தேன். தாடிக்காரன். கையில் மெகாபோனோடு முன்வரிசைக் கம்பிமேல் ஏறி நின்றான். பந்து ஓடும் பக்கம் திரும்பவே இல்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். காசு கொடுத்து மேட்சுக்கு வந்தவன் ஏன் மேட்சைப் பார்க்கவில்லை? அவன் பார்வை போன திசையில் என் மகள். அவளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரிதான், ஆள் அகப்பட்டான்.

அவன் ஒரு வரி பாடினான். கூட்டம் அடுத்த வரியை எடுத்தது. இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதி, மாறி மாறி. கோல் விழுந்தபோது யார் யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஸ்வெட்டரெல்லாம் பீர். அதற்கும் அவன் திரும்பவில்லை. எனக்குள் ஏதோ இடறியது. எங்கள் ஊரில் பெருமாள் வீதிப் புறப்பாட்டின்போது அவருக்கு முன்னால், ஆழ்வார் பாசுரங்களைப் பாடிக்கொண்டு பிரபந்த கோஷ்டி போகும். அதில் நானும் உண்டு. ஊரே பெருமாளைப் பார்த்துக் கைகூப்பும்போது, பாசுரம் சேவித்துக்கொண்டு போகிற எங்கள் முதுகுதான் அவர் பக்கம் இருக்கும். அதற்காகவெல்லாம் இவனை விட்டுவிட எனக்கு மனமில்லை.

சாயங்காலம், மேட்ச் பார்த்த கூட்டமெல்லாம் போய் உட்கார்ந்து பீர் குடிக்கிற ஒரு தோட்டத்துக்குப் போனோம். மர பெஞ்சுகள், ட்ரம்பெட், பெரிய டிரம், காது கிழிகிற சத்தம். தாடிக்காரன் நேராக எங்கள் மேஜைக்கே வந்தான். அவனுக்கு எவ்வளவு தைரியம்! ஆங்கிலத்தில் விசாரணையைத் தொடங்கினேன். என்ன வேலை, சொந்த வீடா, அப்பா அம்மா இருக்கிறார்களா. எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். கடைசியாக, என் மகளைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்றேன். நல்ல குரல் என்றான். பிறகு கையசைத்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டான். அவன் மனைவி. இடுப்பில் குழந்தை.

அவர்கள் நகர்ந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள். "இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தே?"

"அவன் இல்லேன்னா வேற யாரு? யாருக்காக இங்கயே இருக்கே?"

"யாருக்காகவும் இல்லப்பா. மேட்ச் அன்னிக்கு நானும் வரிசைல நின்னு பாடறேன். நடுவுல நான் ஒரு வரி எடுத்தா அத்தனை பேரும் பின்னால வரா. அத உனக்குக் காட்டணும்னுதான் கூட்டிண்டு வந்தேன். நீ பூரா நேரமும் அவனையே பாத்துண்டு நின்னே."

"பாட்டுதானே? அத ஊருக்கு வந்து பாடேன்."

"எங்க?" என்றாள்.

வீட்டில் பாசுரத்தில் நான் தடுமாறினால் சமையலறையிலிருந்து அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பவள் இவள்தான். ஓர் எழுத்துப் பிசகாது. ஆனால் எங்கள் கோஷ்டியில் பெண்கள் சேவிப்பதில்லை. புறப்பாட்டில் இவள் தெருவோரம் நிற்பாள். நான் சேவித்துக்கொண்டே தாண்டிப் போவேன்.

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பெஞ்சுமேல் ஏறி முதல் வரியை எடுத்தாள். தாடிக்காரன் உட்பட தோட்டம் மொத்தமும் அவள் பின்னால் பாடியது. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அழுகை வந்தது.

ஆள் யார் என்று பார்த்துவிட்டு, எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே திரும்பினேன். வந்தால் அவளை எங்கே நிற்கச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.