பதற்றத்துக்கு ஒரு கருதுகோள்

உளவியல் ஆய்வில் கேள்வி கேட்பது சுலபம். எதற்காகக் கேட்கிறோம் என்பதை ஒரே வரியில் எழுதுவதுதான் உயிரை வாங்கும். ஆய்வேட்டில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் மாட்டியது யுத்தம் நடந்த தொண்ணூறுகளில், மாத்தளையில்.

நோக்கம்

'மாத்தளைத் தமிழரின் பயத்தை ஆராய்தல்' என்று எழுதிக்கொண்டு போனேன். என் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்து அம்மா. "யாற்ற பயம்? எதுக்குப் பயம்? எப்பிடி அளப்பீர்?" என்றார். அன்று காலை பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கிச் சோதித்ததையும், என் அடையாள அட்டை கைநழுவிக் கீழே விழுந்ததையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, என் வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டினார்.

"பிள்ளை, இது ஆய்வின்ர நோக்கமில்லை, உமக்கு நடந்தது. அளக்கிற மாதிரி எழுதிக்கொண்டு வாரும்."

கருதுகோள்

வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு ஒரு வரி தேறியது: 'சோதனைச்சாவடியைத் தினமும் கடப்பவர்களுக்கு, கடக்காதவர்களைவிடப் பதற்றம் அதிகம்.' அந்தத் தாளோடு உக்குவளையில் பஸ் ஏறியது என் மடத்தனம். சாவடியில் பையைக் கிளறிய சிப்பாய், தமிழ் எழுத்தைக் கண்டதும் என்னைத் தனியே நிறுத்தினார். பஸ் போய்விட்டது. அவருடைய மேலதிகாரி வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். "இது வெறும் ஊகம் சேர். பிழையாகவும் இருக்கலாம்."

அவர் தாளைத் திருப்பி நீட்டியபடி சிங்களத்தில் கேட்டார்: "பிழையாக இருக்கலாம் என்றால், ஏன் இப்படி மடித்துப் பையின் அடியில் வைத்திருக்கிறாய்?"

பதில் சொல்பவர்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், கொழுந்து பறிக்கும் கமலம் அக்காவிடம், "ராத்திரி தூக்கம் வருதாக்கா?" என்று முதல் கேள்வியைக் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "என்ன பதில் வேணும்னு சொல்லுங்க மிஸ், அதையே சொல்லிடுறேன். கொழும்புல என் தம்பியையும் கேள்வி கேக்கத்தான் கூட்டிட்டுப் போனாங்க. இன்னும் விடல." கேள்வித்தாளைப் பைக்குள் போட்டுவிட்டு, அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துத் திரும்பினேன்.

அடுத்த மாதம் அவரே ஆளனுப்பிக் கூப்பிட்டார். தம்பி வந்துவிட்டார். உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"இப்ப என்கிட்ட கேளுங்க மிஸ். அவன்கிட்ட மட்டும் ஒண்ணும் கேட்டுறாதீங்க."

கடைசியில், சாவடியைக் கடப்பவர்களுக்கும் கடக்காதவர்களுக்கும் பதற்றம் ஒரே அளவு என்று வந்து என் கருதுகோள் பொய்த்தது. பயப்படாத ஒருவர்கூட எங்கள் மாவட்டத்தில் அகப்படாத புண்ணியத்தில் எனக்குப் பட்டம் கிடைத்தது.