பாதிக்காரர் முழுப் பரிசுக்கு ஆடியது

ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டுகிறவருக்குப் பாதிக்காரர் என்று பேர் வந்தது ஒரு மின்விசிறியால்.

அந்தக் காலத்தில், பந்தைக் கோலால் அடித்து மேஜைக் குழியில் தள்ளுகிற பூல் ஆட்டம் என்றால் டயர்க் கடைக்கு மேல்மாடியில் நாலு மேஜை, மேஜைக்கு ஒரு குழல்விளக்கு, சுவரோரம் கோல்களைச் சாத்தி வைக்க ஒரு சட்டம், அவ்வளவுதான். மாடியை நடத்தியவர் டயர்க் கடைக்காரருக்குச் சகலை. அவர் முதன்முதலாக ஒரு போட்டி வைத்தார். முதல் பரிசு மேஜை மின்விசிறி, இரண்டாம் பரிசு ஆறு கண்ணாடித் தம்ளர். கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றது யார் என்றால், ரொட்டி வண்டிக்காரரும், அவர் சம்சாரத்துக்குச் சித்தப்பா மகனான நெட்டையும். நெட்டைக்குக் குழாய் வேலை. ஆறடிக்கு மேல் மூன்று அங்குலம். மற்றவர்கள் மேஜைமேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டு எட்டுகிற பந்தை அவர் நின்ற இடத்திலிருந்தே சாய்ந்து அடிப்பார்.

மச்சானும் மாப்பிள்ளையும் ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொண்டார்கள், யார் ஜெயித்தாலும் ஆளுக்குப் பாதி என்று. தம்ளர் மூன்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. மின்விசிறியை எப்படிப் பிரிப்பது? ஆறு மாதம் இவர் வீட்டில், ஆறு மாதம் அவர் வீட்டில் என்று முடிவானது. வெயில் மாதங்கள் யாருக்கு என்பதில் இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோய், பிறகு ஒரு குழந்தை பிறந்த சாக்கில் கூடினார்கள். மாடிக்காரர்தான் இவருக்குப் பாதிக்காரர் என்று பேர் வைத்தார். நெட்டைக்கும் அதே பேர் வந்திருக்க வேண்டும். அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு வேறு பேருக்கு எங்கே போவது?

இப்படிப் பங்கு போடுவதில் பேராசையும் கிடையாது, களவும் கிடையாது. மின்விசிறி போய்ப் பணப் பரிசு வந்தது. மாடிக்காரரின் பிஸ்கட் டப்பாவில் சேர்ந்த நுழைவுக் கட்டணம்தான் பரிசு. பிறகு ஒரு ஜவுளிக் கடைக்காரர் மேலே கொஞ்சம் போட்டார். பக்கத்து ஊர்களிலும் போட்டி வைக்கத் தொடங்கினார்கள். பஸ் கட்டணம், தங்க ஒரு அறை, சாப்பாடு எல்லாம் ஆடுகிறவன் கைக்காசு. அறுபத்து நாலு பேர் போனால் இரண்டு பேருக்குப் பணம், மீதி அறுபத்திரண்டு பேருக்கும் கைதட்டல். கடைசி ஆட்டம் வரை வந்தவனும் ஒரு பந்து பிசகினால், கிடைக்கிற இரண்டாம் பரிசு செலவுக்கே காணாமல் கடன் வாங்கித்தான் ஊர் திரும்ப வேண்டும். அதனால் ஆட்டக்காரர்களுக்குள்ளே ஒரு வழக்கம் உண்டானது. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் ஒருவன் தன் கோலின் அடிமட்டையால் மற்றவன் கோலை இரண்டு தட்டுத் தட்டுவான். அவன் திருப்பித் தட்டினால் பாதிக்குப் பாதி. வாயைத் திறக்க வேண்டியதில்லை, சாட்சி வேண்டியதில்லை. தட்டிவிட்டு மாறினவன் என்று ஒருவனும் அதுவரை இல்லை.

இருபத்தாறு வருடத்தில் பாதிக்காரரும் நெட்டையும் எத்தனையோ கடைசி ஆட்டம் ஆடினார்கள். ஒவ்வொன்றிலும் தட்டல் உண்டு. விடியுமுன் ரொட்டி இறக்கிவிட்டு மத்தியானப் பஸ்ஸில் இருவரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். ஜன்னல் சீட்டு நெட்டைக்கு, அவர் காலை நீட்ட வேண்டுமே.

அதற்குள் ஆட்டம் வளர்ந்துவிட்டது. மேஜைமேல் பச்சைத் துணி நீலமானது. வெள்ளைக் கையுறை போட்ட நடுவர் வந்தார். காலர் வைத்த சட்டை கட்டாயமானது. டிவியில் காட்டினார்கள். ஒரு பெயின்ட் கம்பெனி முன்வந்து, இதையே தொழிலாக ஆடுகிறவர்களுக்கென்று பெரிய போட்டி அறிவித்தது. முதல் பரிசு ஆறு லட்சம், இரண்டாம் பரிசு ஒரு லட்சம், மூன்றாவது ஆளுக்கு ஒரு டப்பா பெயின்ட்கூட இல்லை. அறிவிப்பை வாசித்த மாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார்.

பேர் கொடுக்கப் போன இடத்தில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மேஜையில் இருந்த பெண் ஏழாவது வரியை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். ஆட்டக்காரர்கள் பரிசைத் தங்களுக்குள் பங்கு போடக் கூடாது, போட்டதாகத் தெரிந்தால் இருவருக்கும் பரிசு இல்லை, இரண்டு வருடம் ஆடவும் முடியாது. பாதிக்காரர் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பின்னால் நின்ற நெட்டையும் போட்டார்.

அந்த வருடம் பாதிக்காரருக்குப் பணம் அவசியம் வேண்டியிருந்தது. அவர் சம்சாரம் இஸ்திரிக் கடை வைத்திருந்தார். ஒரு குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் ஒடுக்கமான அறை, ஒரு நீள மேஜை, கம்பியில் தொங்கும் துணிகள். பதினோரு வருடமாக அந்த அறையில்தான் அவர் நின்றார். சட்டையைப் பார்த்தே எந்த வீட்டுச் சட்டை, அந்த வீட்டில் யாருக்கு உடம்பு இளைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கட்டடக்காரர் காலமாகி மகன் கைக்கு வந்ததும், மாதக் கடைசிக்குள் மூன்று லட்சம் முன்பணம் வைக்கச் சொன்னான், இல்லாவிட்டால் அறையை வாடகைக்கு எடுக்கச் சாவி செய்கிறவர் ஒருவர் காத்திருக்கிறார் என்றான். புருஷன் பெண்டாட்டி இருவரும் துழாவிப் பார்த்ததில் வீட்டில் ஐம்பதாயிரம்கூடத் தேறவில்லை.

இந்த நிலைமையில்தான் பாதிக்காரர் ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாக ஜெயித்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்தார். எதிரே பார்த்தால் நெட்டை.

ஆட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு. காலையில் பழகும் மேஜையில் இருவரும் பந்து தட்டிக்கொண்டிருந்தபோது நெட்டை கோல் நுனியில் தேய்க்கும் நீலச் சாக் எடுக்க வருவதுபோல் வந்து, கோலின் அடியால் இவர் கோலை இரண்டு தட்டுத் தட்டினார். இவர் பந்தைப் பார்த்தபடியே திருப்பித் தட்டிவிட்டார். தும்மினால் கை தானாக மூக்குக்குப் போகிறதில்லையா, அந்த மாதிரி. தட்டி முடித்த பிறகுதான் ஏழாவது வரி ஞாபகம் வந்தது. வந்தாலும் மனம் குளிர்ந்துதான் இருந்தது. ஆறும் ஒன்றும் ஏழு, ஆளுக்கு மூன்றரை. கடை தப்பிவிட்டது.

மத்தியானம் சம்சாரம் பஸ் ஏறி வந்தார். மடிப்புக் கலையாமல் இருக்க, புருஷன் ஆட்டத்தில் போடும் புதுச் சட்டையைக் கம்பியோடு கையில் பிடித்தபடி, உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் வந்திருந்தார். அரங்கத்துக்குப் பின்னால் இருந்த கேன்டீனில் ஓரமாக உட்கார வைத்து, குரலைத் தாழ்த்தி, கடை நமக்குத்தான் என்று விஷயத்தைச் சொன்னார் பாதிக்காரர்.

அந்த அம்மாள் டீயை ஆற்றினார்.

“அப்ப ஜெயிச்சா எவ்வளவு?”

“மூணரை.”

“தோத்தா?”

“அதுவும் மூணரைதான். அதான் சொல்றேனே, கவலைப்படாதே.”

“ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒண்ணுன்னா இந்தச் சட்டைய ஏன் நான் நின்னுக்கிட்டே கொண்டாந்தேன்?”

பாதிக்காரர் சிரித்தார். சம்சாரம் சிரிக்கவில்லை.

“ஒண்ணு கேக்குறேன். எங்க அண்ணன உங்களால ஜெயிக்க முடியுமா, முடியாதா?”

யோசித்துப் பார்த்தால் இந்தக் கேள்வியைப் பாதிக்காரரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இத்தனை கடைசி ஆட்டத்தில் யார் எத்தனை ஜெயித்தார்கள் என்று எண்ணிக்கூட வைக்கவில்லை. எண்ணி என்ன ஆகப்போகிறது, பாதிதானே?

“தெரியலையே,” என்றார்.

“இருபத்தாறு வருஷமா ஆடுறீங்க. தெரியலையா?”

“உன் கடை...”

“கடை என்னோடதுதானே? போனா நான் பாத்துக்குறேன். தெருவுல மேஜை போட்டாவது தேய்ப்பேன். இங்க கையெழுத்துப் போட்டுட்டு அங்க கோலத் தட்டிட்டு, ரெண்டுக்கும் நடுவுல முழிக்காதீங்க. போய்த் தெரிஞ்சிட்டு வாங்க.”

தட்டியதைத் திரும்ப எடுக்க அந்த வழக்கத்தில் இடமே இல்லை. பாதிக்காரர் கோலைப் பிடித்துக்கொண்டு அரங்கத்து வராந்தாவில் மூன்று தடவை நடந்தார். கடைசியில் நெட்டை ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த பெஞ்சுக்குப் போய் நின்றார்.

“மச்சான், காலையில தட்டுனது வேண்டாம். அவங்கவங்க பரிசு அவங்கவங்களுக்கு.”

நெட்டை நிமிரவில்லை. “தட்டுனதுக்கு அப்புறம் வந்து இல்லேன்னு சொன்ன மொத ஆளு நீதான் மாப்ளே.”

“கையெழுத்துப் போட்டிருக்கோம்.”

“நானும்தான் போட்டேன். செத்துப்போயிட்டேனா? இது யாரு சொல்லிக் குடுத்தது, என் தங்கச்சியா?”

“நான்தான் சொல்றேன்.”

நெட்டை முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தார். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் யாராயிருந்தாலும் சின்னப் பையனாகிவிடுவார்கள். “சரி,” என்றார். “அப்ப இன்னைக்கு உன்ன விடமாட்டேன். அப்புறம் வருத்தப்படாதே.”

ஒன்பது பந்து ஆட்டம். சின்ன எண்ணிலிருந்து வரிசையாகத் தொட வேண்டும், ஒன்பதாம் பந்தைக் குழியில் போடுகிறவனுக்கு அந்த ஆட்டம். முதலில் ஒன்பது ஆட்டம் எடுப்பவர் ஜெயித்தவர். சொன்னபடியே நெட்டை விடவில்லை. முதல் நாலு ஆட்டத்தையும் எடுத்துவிட்டார். பாதிக்காரருக்குக் கை வியர்த்தது. சாக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கோலின் நுனி, விரல், புதுச்சட்டையின் கை எல்லாம் நீலமானது. மூன்றாவது வரிசையில் இருந்த சம்சாரத்துக்கு ஆட்டம் புரியவில்லை, அந்த நீலக் கறை மட்டும் கண்ணை உறுத்தியது.

ஐந்தாவது ஆட்டத்தில் நெட்டை, கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்தை, அடுத்த பந்தை நேராகத் தொட முடியாதபடி மற்றப் பந்துகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் இப்படி ஒரு கழுத்தறுப்பு வேலையை இவரிடம் செய்ததே இல்லை. பாதிக்கு ஆடும்போது அதற்கு அவசியமும் இருந்ததில்லை. பாதிக்காரர் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். வேற்று ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது. கோபம் வரும் என்று நினைத்தார், சந்தோஷம்தான் வந்தது. இந்த மனுஷன் என்னைத் தோற்கடிக்க இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறதே என்ற சந்தோஷம். மேஜை ஓரப் பலகையில் மோத விட்டு வெள்ளைப் பந்தைச் சுற்றிக் கொண்டுவந்து தொட்டார். அதற்குப் பிறகு கை வியர்க்கவில்லை.

நாலு இரண்டு, ஐந்து ஐந்து, ஏழு ஆறு என்று ஏறி, எட்டுக்கு எட்டில் வந்து நின்றது. கடைசி ஆட்டத்தில் நெட்டை ஆறு பந்தை வரிசையாக உள்ளே தள்ளினார். ஏழாவது, மூலைக் குழிக்கு ஒரு முழத்தில் நேராக நின்றது. அடித்தார். குழியின் உதட்டில் பட்டு வெளியே வந்தது. அரங்கம் உச்சுக் கொட்டியது. பாதிக்காரர் எழுந்தார். ஏழைப் போட்டார், எட்டைப் போட்டார், ஒன்பதை மெதுவாக, கண்ணாடிச் சாமானை நகர்த்துவதுபோல் தள்ளினார். விழுந்தது.

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். சம்சாரம் மட்டும் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். இன்னும் எத்தனை பந்து பாக்கி என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். முடிந்துவிட்டது அம்மா, அந்த நீலக் கறைச் சட்டைக்காரர் ஜெயித்துவிட்டார் என்று அவர் சொன்னதும் பையை இறுகக் கட்டிக்கொண்டார்.

பரிசு கொடுத்த பெயின்ட் கம்பெனி அதிகாரி மைக்கை நீட்டி, என்ன நினைக்கிறீர்கள் என்றார். நன்றி சொல்லி விட்டுவிடுவார் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். பாதிக்காரர் தொண்டையைச் செருமினார்.

“மொதப் பரிசக் கொறைங்க சார். கீழ இருக்கறவங்களுக்குக் குடுங்க. மொதச் சுத்துல தோத்தவனுக்கும் பஸ் காசு கையில இருந்தா எவனும் எவங்கிட்டயும் போய்ப் பாதி கேக்க மாட்டான்.”

அதிகாரிக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆறு லட்சத்துக் காசோலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் இதைச் சொல்கிறார் என்றால் சிரித்து மழுப்பவும் முடியாது. ஓரத்தில் நின்ற நெட்டை தன் கோலைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பஸ் பிடித்துப் போய்விட்டார்.

மாதக் கடைசிக்கு முன்பே கடைக்கு முன்பணம் வைத்தாகிவிட்டது. ஆனால் நெட்டை ஒரு வருடம் பாதிக்காரரோடு பேசவில்லை. தங்கையின் கடைக்கு வருவார், துணி போடுவார், குழந்தைகளை விசாரிப்பார், இவர் உள்ளே வந்தால் செருப்பைத் தேடுவார். மாடியில் வேறு ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அந்த ஏழாம் பந்தை நெட்டை தவறவிட வாய்ப்பே இல்லை, தங்கையின் கடைக்காக வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்றார்கள். அது பாதிக்காரர் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த ஆறு லட்சமும் அவருக்கு இனிக்கவில்லை. சம்சாரத்திடம் இதைச் சொல்லவும் வாய் வரவில்லை. தெரிந்துகொண்டு வா என்று அனுப்பினாளே, என்னத்தைத் தெரிந்துகொண்டோம் என்று வண்டி ஓட்டும்போதெல்லாம் நினைப்பார்.

அடுத்த வருடம் பெயின்ட் கம்பெனி பரிசுப் பட்டியலை மாற்றிவிட்டது. முதல் பரிசு நாலு லட்சம். அதற்குக் கீழே பதினாறு பேர் வரைக்கும் பணம். முதல் சுற்றில் தோற்றவர்களுக்குப் பயணப் படி. போன வருடம் ஜெயித்தவர் என்று பாதிக்காரர் பேரைத் தனியாகப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பெரிய எழுத்துக்காரர் முதல் சுற்றிலேயே ஒரு நர்ஸிடம் தோற்றுப்போனார். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு வந்தவள், ஒரு மணி நேரத்தில் அவரை முடித்து வைத்தாள்.

பயணப் படி வாங்க ஜன்னலுக்கு முன்னால் வரிசை நின்றது. பாதிக்காரர் போய் நின்றபோது முன்னால் ஒரு நீள முதுகு. நெட்டையும் முதல் சுற்றோடு வெளியே. வரிசையில் இரண்டு பேர் நகர்ந்தார்கள்.

“மச்சான்,” என்றார் பாதிக்காரர். “அந்த ஏழாம் பந்து. கடைக்காக விட்டியா?”

நெட்டை மெதுவாகத் திரும்பினார்.

“அஞ்சு லட்சத்த விட்டுக்குடுக்க நான் என்ன கர்ணனா?”

“பின்ன ஏன் பேசல?”

நெட்டை முன்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி குனிந்தார். அவர் குனிவதென்றால் அது ஒரு வேலை.

“கை நடுங்கிடுச்சுடா. குழந்தைகூடப் போட்டுடும் அந்தப் பந்த. மொத தடவையா முழுசுக்கு ஆடுறேன், தொடையெல்லாம் ஆடுது. ஊர்ல தங்கச்சிக்கு விட்டுக்குடுத்தான்னு பெருமையா சொல்றாங்க. நான் இல்லேன்னும் சொல்லல. உன் மூஞ்சியப் பாத்தா உண்மையச் சொல்லணும். அதான் பாக்கல.”

ஜன்னலில் கூப்பிட்டார்கள். இருவரும் உறையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இந்தச் சங்கதியை வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்றார் நெட்டை. என் வீட்டில் மட்டும் சொல்லிக்கொள்கிறேன் என்றார் பாதிக்காரர். அவளிடமா, அதற்கு மைக்கில் சொல்லிவிடலாமே என்று திட்டிக்கொண்டே நெட்டை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் தன் பெட்டியைப் போட்டு இடம் பிடித்தார்.