பழைய வேரை எடுத்துவிடச் சொன்னேன்

வியாழக்கிழமையானால் ஈப்போவில் எங்கள் புந்தோங் சந்துக்குள் பழைய பேப்பர் லாரி வரும். "பழைய பேப்பர், பழைய இரும்பு, பழைய பேட்டரி..." என்று மேலே கட்டிய ஸ்பீக்கரில் ஒரு கிழட்டுக் குரல் இழுத்துக் கூப்பிடும். ஓட்டுகிறவனோ சின்ன வயசுக்காரன். போன வருஷம் பேப்பர் கட்டைக் கொடுக்கப் போனவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"யாரு தம்பி அது, தொண்டையில முள்ளு சிக்குன மாதிரி கூவுறது?"

"எங்கப்பா, பாட்டி. அவரு போயி ரெண்டு வருஷமாச்சு. மாத்த மனசு வரலைலா."

கட்டை அவன் கையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள், என் பேச்சைக் கொஞ்சம் தலைவாரிப் பொட்டு வைத்து. இதில் வளவளப்பு மட்டும்தான் என்னுடையது.

எங்களிடமும் அப்படி ஒரு குரல் இருந்தது. அப்போது தைப்பிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டியவர்கள். மகன் சேகர் ஈப்போவில் யாரோ பாவித்த லேப்டாப் ஒன்றை வாங்கி வந்தான். சூடேறினால் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பும். என் வீட்டுக்காரர் மூக்கை ஒட்டி வைத்து மோந்து பார்ப்பார். "ஷீட்டு காயப்போடுற புகைவீட்டு வாடைடா இது" என்பார். அவருக்கு உலகத்தில் எல்லா வாடையும் ரப்பரில்தான் போய் முடியும். நான் வைக்கும் மீன்குழம்பைக்கூட ஒருநாள் மரத்தில் காய்ந்து நாறும் ஒட்டுப்பால் என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தார்.

ஒருநாள் சேகர் அதில் அவர் பேச்சைப் பதிவு பண்ணினான். குனிந்து, தோட்டத்துக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"ஏ புள்ள, கேக்குதா? நான் பொட்டிக்குள்ள இருக்கேன்லா!"

அடுப்படியிலிருந்து நான், "சோறு வேணும்னா வெளிய வாங்க" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அத்தனையும் பதிவாகிவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் அந்த இருமலே அவரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கேட்க வேண்டும் போலிருந்தால் சேகரைப் போடச் சொல்வேன். அவர் கத்துவார், நான் சோற்றுக்குக் கூப்பிடுவேன், அவர் சிரிப்பார்.

லேப்டாப்புக்கும் வயசானது. திறந்தால், உலை கொதித்து அரிசி போட்ட பிறகுதான் அதற்கு விழிப்பு வரும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், நல்ல மழை. லினக்ஸ் என்று வேறொன்று இருக்கிறது, அதைப் போட்டால் பழைய பெட்டியும் ஓடும் என்று சேகர் உட்கார்ந்தான். படங்களையெல்லாம் ஒரு சின்னக் குச்சியில் ஏற்றி வைத்துக்கொண்டான். பாதியில் அது ஏதோ கேள்வி கேட்டது.

"மா, பழைய சிஸ்டத்த ஒரு ஓரமா வச்சிக்கவா, மொத்தமா அழிச்சிட்டுப் போடவான்னு கேக்குது."

இதில் எனக்கென்ன தெரியும்? ஆனால் மறுநடவு தெரியும். கிழட்டு மரத்தைச் சாய்த்தால் வேரையும் தோண்டி எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் அதிலிருந்து வெள்ளை வேர் நோய் பரவிப் புதுக் கன்று வாடிப்போகும். எத்தனை வேர் பொறுக்கிய கை இது!

"பழைய வேரு கெடந்தா புதுக் கன்னு நிக்குமாடா? தோண்டி எறி."

"நீ பெரிய இன்ஜினியருமா" என்று சிரித்துக்கொண்டே அமுக்கினான்.

லினக்ஸ் ஏறிவிட்டது, வேகமாகவும் ஓடியது. ஆனால் வைஃபை பிடிக்கவில்லை, சத்தமும் வரவில்லை. உள்ளே இருக்கும் சில்லுகளை லினக்ஸுக்கு அடையாளம் தெரியவில்லையாம். சேகர் கைபேசியை வயரில் மாட்டி இன்டர்நெட் வாங்கி, யார் யாரோ எழுதி வைத்ததைப் படித்துப் படித்து என்னென்னவோ தட்டினான். மூன்றாம் நாள் சாயங்காலம் பெட்டி 'டொய்ங்' என்றது. அவன் குதித்த குதியில் லயத்துப் பலகையே ஆடியது.

"மா, ஓடி வா! மொத மொத அப்பாவப் போடுவோம்!"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். தேடினான். குச்சியைச் செருகித் தேடினான். அதில் படங்கள் மட்டும்தான் இருந்தன. குரலும் அவற்றோடு இருக்கிறது என்று நினைத்திருக்கிறான். அது வேறெங்கோ தனியாக இருந்திருக்கிறது. மறுநாளே ஈப்போவுக்கு ஒரு கடைக்குக் கொண்டு போனான். அதன்மேல் புதுசு ஏறிவிட்டது, எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நான்தான்மா எடுத்து வைக்க மறந்துட்டேன்" என்றான். இன்றுவரை அதையேதான் சொல்கிறான். நான் சொன்ன வார்த்தையை ஒருநாளும் எடுத்ததில்லை.

பிறகு தோட்டத்தையே விற்றார்கள். மரத்தைச் சாய்த்தார்கள், வேரையும் தோண்டினார்கள், கன்று மட்டும் நடவில்லை. லயம் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக மாடி வீடுகள். லேப்டாப் என் அலமாரியில் சேலைக்கடியில் கிடக்கிறது. சூடேற்றி மோந்து பார்க்க ஆசைதான். பேட்டரி செத்து நாளாகிவிட்டது, வயரில் மாட்டினாலும் உயிர் வரவில்லை.

இப்போதெல்லாம் வியாழக்கிழமை முன்னாடியே போய் வாசலில் நின்றுகொள்கிறேன். பேப்பர் கட்டு கூடத்தில் இடுப்பளவு ஏறிவிட்டது. "படிக்கத் தெரியாதவுங்களுக்கு எதுக்கு அத்தை இம்புட்டுப் பேப்பரு? லாரி வந்தா கையக் காட்ட வேண்டியதுதான?" என்று மருமகள் சலித்துக்கொள்கிறாள், அதையும் எழுதடி என்றேன். கையைக் காட்டினால் லாரி நிற்கும். நின்றால் அந்தப் பையன் அப்பாவின் குரலை அணைத்துவிடுகிறான்.