படையலில் இருந்த வரைபடம்

என் வீட்டுக்காரர் முருகையன் அண்ணாமலையார் மலையில் மரக்கன்று நடுகிற குழுவில் பன்னிரண்டு வருஷம் இருந்தார். மலையில் யாராவது வழி தவறினால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பில் ஜிபிஎஸ் கருவி, சட்டைக்குள் மடித்த வரைபடம். "கருவியில இருக்கிற அம்பு எந்தப் பக்கம்னு மட்டும்தான் காட்டும். நடுவுல பள்ளம் இருக்குதானு தாள்தான் சொல்லும்" என்பார்.

போன சரஸ்வதி பூஜைக்கு அந்த வரைபடத்தைப் பிள்ளைகளின் புத்தகங்களோடு வைத்து, பொட்டு இட்டுப் படைத்தேன். சாயங்காலம் போன் வந்தது. வெளியூர் அம்மா ஒருத்தர் மலையில் மாட்டிக்கொண்டாராம். இடத்தின் எண்களைச் சொன்னார்கள். இவர் அதைக் கருவியில் போட்டுக்கொண்டு தாளுக்குக் கை நீட்டினார்.

"படைச்சதை நாளைக்குத்தாங்க எடுக்கணும்" என்றேன்.

"சரி, உன் சரஸ்வதி கோச்சுக்கப் போறா" என்று சிரித்துவிட்டு, கருவியோடு மட்டும் போனார்.

அது இவர் அதிகம் போகாத பக்கம். அம்பு காட்டியபடி நேராக நடந்து, பாறைப் பள்ளத்தில் விழுந்து, அங்கேயே உயிர் போய்விட்டது. அந்த அம்மாவை வேறு ஆட்கள் பத்திரமாக இறக்கினார்கள்.

மறுநாள் மறுபூஜை செய்துதான் தாளை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பூஜை நடக்கவில்லை. அண்ணாமலையாரை நான் குறை சொல்லவில்லை. தாளை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.