வால் இல்லாத விலாங்கு

கொரியாவின் கோச்சாங் ஊர் ஆற்றோரத்தில் மா பொங்சிக்கின் விலாங்கு மீன் சாப்பாட்டுக் கடை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. அதில் பொங்சிக்கே கையை மடக்கிப் புஜத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். 'இன்றிரவு உங்கள் மனைவி எங்களுக்கு நன்றி சொல்வாள்' என்று கீழே எழுதியிருக்கிறது. அது எடுத்துப் பல வருஷமான படம். இப்போதைய பொங்சிக்கின் தொப்பை அந்தப் பலகைக்குள் அடங்காது.

விலாங்கின் பலமெல்லாம் வாலில்தான் என்பது அந்த ஊர் ஆண்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. தலையை வெட்டிய பிறகும் வால் துள்ளுவதைப் பார்த்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? சுட்ட மீனைக் கத்தரிக்கோலால் நறுக்கி வைத்ததும் சாப்பாட்டுக் குச்சிகள் எல்லாம் வாலைத்தான் குறிவைக்கும். வாலுக்காக மாமனாரும் மருமகனும் முறைத்துக்கொண்ட மேசையும் உண்டு.

அப்பேர்ப்பட்ட கடையின் முதலாளிக்கே ஒரு வருஷமாக ஒன்றும் எழும்பவில்லை. மனைவி ஓக்புன் பக்கத்தில் வந்து படுத்தால், இவர் அவசர அவசரமாகக் குறட்டை விட ஆரம்பிப்பார். விஷயம் வெளியே கசிந்தால் மொட்டைத் தலையன் கூந்தல் தைலம் விற்ற கதைதான். கடையை இழுத்து மூடிவிட வேண்டும். அந்தப் பயத்தில் பாவம் மனுஷன் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார். வால் போதவில்லை என்று முடிவு கட்டினார்.

அன்றிலிருந்து வாடிக்கையாளர் தட்டுக்குப் போகிற மீன்களின் வால்கள் அடுப்படியிலேயே மாயமாயின. இனிப்புக் குழம்பு சொட்டச் சொட்டச் சுட்ட வால், தொட்டுக்கொள்ளப் பூண்டு, தொண்டையை நனைக்கப் பொக்புன்ஜா பழமது, முடிந்ததும் ஒரு சிகரெட். தொப்பைதான் வளர்ந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது.

ஒருநாள் உரக்கடைக்காரர் சில்போக், பொங்சிக்கின் பள்ளிக்கூடத் தோழர், மேசையைத் தட்டினார்.

"டேய் பொங்சிக்! உன் ஆத்துல மீனுக்கு வாலே முளைக்கிறதில்லையாடா? நானும் மாசக்கணக்கா பாக்கறேன்!"

"பூனை வேலையா இருக்கும்" என்று சமாளித்த ஓக்புன், துடைப்பத்தோடு கொல்லைப் பக்கம் போனாள். கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் அவள் புருஷன் குந்தியிருந்தார். வாயில் ஒரு வால், கையில் இரண்டு.

"என்னங்க இது? கட்டின பொண்டாட்டிக்கு ஒளிச்சு மீன் தின்ற அளவுக்கா பஞ்சம் வந்திருச்சு?"

பொங்சிக் வாலை விழுங்கினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஓக்புன் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"அடப்பாவி மனுஷா! நான் என்னவோ உங்களுக்கு என்னைப் பிடிக்காம போச்சுன்னுல்ல ஒரு வருஷமா அழுதுட்டிருக்கேன்!"

மறுநாளே பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று பொங்சிக் முகமூடியும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார். வங்கிக் கொள்ளைக்காரர் மாதிரி இருந்ததால் ஆஸ்பத்திரியே அவரைத்தான் பார்த்தது.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"ஐயா, கீழ போற ரத்தக்குழாய் இதயத்துக்குப் போறதைவிடச் சின்னது. அடைக்க ஆரம்பிச்சா பல பேருக்கு முதல்ல அங்கதான் தெரியும். உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கு, ரத்தக்கொதிப்பும் இருக்கு. அது உங்களைக் கைவிடலை, எச்சரிக்கை பண்ணியிருக்கு. இதயத்தையும் பாத்துடலாம். மாத்திரை தரேன். சிகரெட், மது ரெண்டையும் விடுங்க. தினமும் நடங்க."

"வால்..?"

"வாலைப் பாவம் மீனுக்கே விட்டுடுங்க."

அதன் பிறகு விடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் ஊர் பார்க்க ஆற்றங்கரையில் நடந்தார்கள். தொப்பை மெல்ல இறங்கியது, சர்க்கரையும் இறங்கியது. இலையுதிர்காலம் வருவதற்குள் ஓக்புன் பூண்டு உரிக்கும்போது பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்கு மேல் நாம் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை.

கடையில் வால்கள் திரும்பி வந்தன. சில்போக் தன் வாலை ஆசையாய் மென்று முடித்துவிட்டு, பொங்சிக்கின் காதருகே குனிந்தார். வாசலில் இருக்கும் இரண்டு படி ஏறியதற்கே சில்போக்குக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"டேய், இது நெஜமாவே வேலை செய்யுமா? எனக்கு... ரெண்டு வருஷமா ஒண்ணும் இல்லடா."

பொங்சிக் வாசல் பலகையைப் பார்த்தார். நிறைந்திருந்த மேசைகளைப் பார்த்தார். பிறகு தோழரின் வெளுத்த முகத்தைப் பார்த்தார். 

"வால்ல ஒண்ணும் இல்லடா. நாளைக்கே டாக்டரைப் பாரு, நெஞ்சையும் காட்டு. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"உனக்குமா!" சில்போக்குக்கு ரகசியக் குரல் எப்போதும் வராது. "விலாங்குக் கடைக்காரனுக்கே எழும்பாம டாக்டர்கிட்ட போனியா!"

கத்தரிக்கோல்கள் நின்றன. குச்சிகள் பாதி வழியில் நின்றன. அடுப்பில் மீன் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. போச்சு, கடை போச்சு என்று பொங்சிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மூலை மேசையிலிருந்து ஒரு ஆள் கனைத்தார்.

"அந்த டாக்டர் எந்த ஊருங்க?"

"காலைல ஆத்தோரம் எத்தனை மணிக்கு நடக்கறீங்க?" என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

ஓக்புன் கத்தரிக்கோலை எடுத்து மீனை நறுக்க ஆரம்பித்தாள்.

"ஆறு மணிக்கு. சிகரெட்டை வீட்டுலயே வெச்சுட்டு வாங்க."