எல்ஸ்மியர் தொகுதியில் நாயகி போடாத வாக்கு

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. றிச்மண்ட் ஹில் கோயிலில் பூசை முடிந்து காருக்குள் ஏறியிருந்தேன். கரைகிற பனியிலிருந்து எழுந்த மூடுபனிப் புகார் வாகனத் தரிப்பிடத்தை மூடியிருந்தது. பக்கத்துக் கார்கூடத் தெரியவில்லை. அப்போதுதான் என் பழைய சிநேகிதி மரியநாயகியின் மகள் அழைத்தாள்.

"அன்ரி, அம்மா விடியக் காலமை எங்களை விட்டுப் போட்டா. நித்திரையிலைதான். ஷி வாஸ் ஸ்மைலிங், அன்ரி."

புகார் விலகி நெடுநேரமான பிறகும் காரை எடுக்காமல் இருந்தேன்.

நாயகியை நீங்கள் பலரும் தேவாலயத்தில் அறிந்திருப்பீர்கள், அல்லது பிள்ளைகளின் கல்யாண வீடுகளில். நான் அவரை அறிந்தது ஒரு தேர்தல் தொகுதியில். புலம்பெயர்ந்து வந்த புதிதில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரே அடுக்குமாடியில், ஒரே தளத்தில் நாங்கள் குடியிருந்தோம். அவர் மன்னார், நான் சாவகச்சேரி. இருவருமே முப்பதுகளில் இருந்தோம். இருவருமே குடியுரிமைக்காகக் காத்திருந்தோம். எங்கள் தெருக்கள் அப்போது ஸ்காபரோ எல்ஸ்மியர் என்ற மாகாணத் தொகுதிக்குள் இருந்தன. இன்று அந்தப் பெயரில் தொகுதி இல்லை. சட்டமன்ற ஆசனங்களைக் குறைத்தபோது மாகாண அரசு அதைக் கலைத்து, தெருக்களை அயல் தொகுதிகளோடு சேர்த்துவிட்டது.

அரசியலுக்குள் நாயகியை இழுத்து வந்தது குளிர்தான். ஒரு மாரியில் எங்கள் கட்டடத்தின் ஹீற்றர் நின்றுபோனது. கட்டடச் சொந்தக்காரர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. நாயகி கைக்குழந்தையைப் போர்வையால் சுற்றித் தூக்கிக்கொண்டு, தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய், தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் சுவர்க்குழாய்கள் கடகடவென்று சத்தமிட்டன. வீடு சூடானது.

"உமக்கு வோட் இருக்கோ எண்டு அந்த மனிசன் ஒருக்காவும் கேக்கேல்லை" என்று அவர் என்னிடம் வந்து சொன்னார். அதில் அவருக்கு அப்படியொரு ஆச்சரியம். அடுத்த தேர்தலில் அந்த உறுப்பினரின் கட்சிக்காக வாக்குக் கேட்டு வீடுவீடாகப் போகத் தொடங்கினார்.

எங்கள் கட்டடத்தில் ஒரு முதியவருக்கு எல்ஸ்மியர் என்ற பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. "எல்லைமீறித் தொகுதி" என்றே சொல்லுவார். "சரியாத்தானே சொல்லுறார். எல்லை மீறி வந்த சனம்தானே நாங்கள்" என்று நாயகி சிரிப்பார்.

எங்கள் ஆட்களின் கதவுகள்தான் கடினமானவை. முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் தட்டிப் பெயர் கேட்டால் அதற்கு எங்கள் நாட்டில் வேறு அர்த்தம். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் சட்டென்று நின்றுபோகும். நாயகி தட்டிவிட்டுப் பின்னால் தள்ளி, வெளிச்சத்தில் நிற்பார். "நான் மன்னார் நாயகி. ஒண்டும் எழுத வரேல்லை, கதைக்கத்தான் வந்தனான்" என்பார். பிறகு காத்திருப்பார். சில கதவுகள் திறந்தன. சில, அடுத்த தடவை திறந்தன.

மிஸிஸ் காமரனின் கதவு வேறுமாதிரி. அது தட்டுவதற்கு முன்பே திறக்கும். எங்கள் தெருமுனையில் தனியே வாழ்ந்த அந்த முதிய விதவை மற்றக் கட்சியின் தீவிர ஆதரவாளர். புல்வெளியில் அந்தக் கட்சியின் பலகை நிற்கும். இருவரும் வாசற்படியில் இருந்து வரியைப் பற்றியும் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் வாதாடுவார்கள். வாதம் முடிந்து நாயகி திரும்பி வரும்போது கையில் ஒரு கொத்து றோசாப்பூ இருக்கும்.

நான் எழுத வந்தது அந்த ஜூன் மாதத்துத் தேர்தல் நாளைப் பற்றி. அந்த வசந்தத்தில்தான் நாயகிக்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. வாழ்க்கையிலேயே முதல் வாக்கு. மண்ணிறச் சேலையொன்றை முதல்நாளே அயன்பெட்டியால் மினுக்கி வைத்திருந்தார். ஆனால் காலையிலிருந்து கணவரின் வான் வண்டியில், வாக்களிக்கப் போகும் மற்றவர்களை ஏற்றி இறக்குவதிலேயே பொழுது போனது. எனக்கு இன்னும் வாக்குரிமை இல்லை. பக்கத்து ஆசனத்தில் இருந்து வழி சொன்னேன்.

ஏழு மணி தாண்டியிருந்தது. எட்டு மணிக்கு வாக்களிப்பு முடிந்துவிடும். எங்கள் வாக்குச்சாவடிக்குத் திரும்பும் வழியில், பஸ் தரிப்பிடத்தில் மிஸிஸ் காமரன் தொப்பியும் கைத்தடியுமாக நின்றார். அவர் கட்சி அனுப்புவதாகச் சொன்ன கார் வரவில்லை. அவருடைய வாக்குச்சாவடி எங்களுடையதற்கு எதிர்த்திசையில் இருந்தது. நாயகி வானை நிறுத்தினார்.

"நாயகி, முதல் உம்மடை வோட்டைப் போடும். உவ மற்றக் கட்சி" என்றேன்.

"பஸ்ஸிலை போனா உவ நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டா."

"உவவின்ரை வோட் உம்மடை வோட்டை வெட்டிப்போடும்."

"வெட்டட்டுமே. உவவும் இந்தத் தொகுதிதானே."

மிஸிஸ் காமரனை ஏற்றினோம். அங்கே வரிசை நீண்டிருந்தது. அவர் மெல்ல நடந்து போய், வாக்களித்து, மெல்ல நடந்து வந்தார். அவரை வீட்டில் இறக்கிவிட்டு நாங்கள் எங்கள் வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது எட்டு மணி கடந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்ற பெண் வருத்தத்தோடு தலையை அசைத்தாள்.

நாயகி கண்ணாடியில் கையை வைத்தபடி நின்றார். பிறகு திரும்பி, மைதானத்து ஊஞ்சலில் போய் இருந்தார். நான் மற்ற ஊஞ்சலில் இருந்தேன். ஜூன் மாதத்து வெளிச்சம் அணைய மனமில்லாமல் நின்றது. வெட்டிய புல்லின் மணம் வந்தது. எங்கிருந்தோ வெண்பஞ்சு விதைகள் மிதந்து வந்து அவருடைய சேலையிலும் தலைமயிரிலும் தங்கின. அவர் தட்டிவிடவில்லை. நாங்கள் இருவரும் யாரோ ஒருவரின் நித்திரைக்குள் இருப்பதுபோல இருந்தது.

"உள்ளை போயிருந்தா என்ரை பேரை வாசிச்சிருப்பினம், என்ன?" என்றார் கடைசியில். "மரியநாயகி எண்டு எப்பிடிச் சொல்லியிருப்பினம்?"

நான் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினேன்.

"சரி, அடுத்தமுறை" என்று எழுந்தார்.

எங்கள் வேட்பாளர் அந்த வாக்கினால் காப்பாற்ற முடியாத அளவுக்குத் தோற்றார். அதோடு, அந்தத் தொகுதிக்கு அடுத்தமுறை என்று ஒன்று இருக்கவும் இல்லை. தொகுதியைக் கலைக்கும் செய்தி வானொலியில் வந்தபோது நாயகி என் சமையலறையில் இருந்தார். தேநீரை அப்படியே வைத்துவிட்டு, "வாரும், ஒருக்கா நடந்திட்டு வருவம்" என்றார். மெல்லிய பனி பெய்துகொண்டிருந்தது. நாங்கள் சந்துசந்தாக நடந்தோம். ஒவ்வொரு வீட்டின் முன்னும் அவர் நடையைத் தளர்த்தி, உள்ளே இருப்பவரைப் பற்றி ஒரு வரி சொன்னார். இவருக்கு முழங்கால் வருத்தம். இந்தப் பிள்ளை வயலின் படிக்குது. இவை எங்களுக்கு ஒருநாளும் வோட் போடமாட்டினம், நல்ல சனம். பனி எங்கள் காலடிகளைப் பின்னாலேயே மூடிக்கொண்டு வந்தது.

அந்தத் தேர்தல் நாளில் நாயகியின் வாக்குத் தவறியதை மிஸிஸ் காமரனிடம் நான்தான் பிறகு சொன்னேன். அடுத்த தேர்தல் புதிய தொகுதியில் வந்தபோது அவர் நாயகியை அழைத்து, தான் இம்முறை வீட்டில் இருக்கப்போவதாகவும், நாயகி மட்டும் போய் வாக்களிக்கவேண்டும் என்றும் சொன்னார். அதுதான் நியாயம் என்றார். நாயகி பதிலுக்கு, "தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் அதட்டிவிட்டு வானை எடுத்தார். திரும்பி வந்து, "ரெண்டுபேரும் போய் ஒராளை ஒராள் வெட்டிப்போட்டு வாறம்" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் வேறு எந்த வெற்றியிலும் கண்டதில்லை. மிஸிஸ் காமரன் இறக்கும்வரை ஒவ்வொரு தேர்தலிலும் அவர்கள் சேர்ந்தே போனார்கள்.

கடந்த மாசியில் மருத்துவமனையில் நாயகியைப் பார்த்தேன். மருந்தின் மயக்கத்தில் வார்த்தைகள் மெல்ல வந்தன. இரத்த அழுத்தம் பார்க்க வந்த இளம் தாதி வெக்ஸ்போர்ட்டில் பிறந்து வளர்ந்தவள் என்று அறிந்ததும் கண்கள் விரிந்தன.

"இந்தப் பிள்ளை எங்கடை ஆள்" என்று எனக்கு அறிமுகம் செய்தார்.

"மன்னாரோ?" என்று கேட்டேன்.

"இல்லையப்பா. எங்கடை தொகுதி."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவளுடைய பெற்றோர் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தபோது எல்ஸ்மியர் தொகுதி கலைந்துவிட்டிருந்தது. ஆனாலும் நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் நாயகியின் கையைப் பிடித்து, தன் தெருவின் பெயரைச் சொன்னாள். நாயகி கண்களை மூடிக்கொண்டு, அந்தத் தெருவின் வீடுகளை முனையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.

நான் இப்போது மார்க்கம் என்ற அயல் நகரில் வசிக்கிறேன். நாயகியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சொல்வழக்கு. கடையிலோ, ரயிலிலோ, யாராவது எங்கள் பழைய தொகுதித் தெருவொன்றைத் தம்முடையது என்று சொன்னால், அவர் எந்த நாடு, எந்த மொழி, யாருக்கு வாக்குப் போடுபவர் என்று தெரிவதற்கு முன்பே என் வாயில் வந்துவிடுகிறது: எங்கடை ஆள்.